மாடிக்கு வராத வாசகி

எனக்குப் பொறாமை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரோ துப்புத் துலக்கிக் கண்டுபிடித்த மாதிரி ஆக வேண்டாம். நாத்தனார் கட்டிய வீடு, எதிர்வீட்டுக்காரி வாங்கிய கார் இதெல்லாம் என்னை ஒன்றும் செய்யாது. என் வாசகர்கள் விஷயத்தில் மட்டும் நான் பொல்லாதவள். என்னிடம் கேட்க வேண்டியதை ஒருவர் இன்னொருவரிடம் போய்க் கேட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ் தடத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் எங்கள் கல்லூரி வரும். அங்கே நான் தலைமை நூலகர். சேர்ந்தபோது அட்டைப் பெட்டி இருந்தது. சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் கம்பியில் கோத்த அட்டைகள். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது நான்தான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பார்கோடு ஒட்டியதும் நான்தான். பசை ஒட்டிய விரலோடு பஸ்ஸில் ஊர் திரும்புவேன். ஆகவே கம்ப்யூட்டர் தெரியாத பழைய நூலகர் ஒருத்தி புலம்புகிறாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கம்ப்யூட்டர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் மனுஷர் மேல்.

நூலகர் வேலை என்பது புத்தகத்தைக் காவல் காப்பது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் தாளாளரும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார். அவர் திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் போடுகிற ரிக் லாரித் தொழிலில் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். நூலகத்துக்கு வரும்போதெல்லாம், "எல்லாம் பத்திரமா இருக்குதுங்களா?" என்றுதான் கேட்பார். ஆனால் என் வேலை புத்தகத்தோடு அல்ல, கேட்கிறவரோடு. ஒரு வாத்தியார் வந்து, "போன வருஷம் பச்சை அட்டை போட்டு ஒண்ணு இருந்துச்சுங்களே" என்பார். எந்தப் பாடம், எந்த ஆசிரியர் எதுவும் தெரியாது. அவருக்கு எது தேவை என்று அவருக்கே தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் வைக்கும்போது அவர் முகம் மாறும் பாருங்கள், அந்த முகத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷம் பஸ் ஏறினேன்.

பிறகு காலம் மாறியது. பிள்ளைகள் பாடக் குறிப்பைப் போனில் வைத்துக்கொண்டார்கள். ஆய்விதழ்கள் தபாலில் வருவது நின்று, சந்தா கட்டிய இணையதளத்துக்குள் போய்விட்டன. வாத்தியார்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தே அதைத் திறந்துகொண்டார்கள். கல்லூரியைத் தரம் பார்க்க வருகிற குழுக்காரர்களும் மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் எத்தனை புத்தகம், எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டவர்கள், இப்போது உங்கள் ஆசிரியர்கள் எத்தனை கட்டுரை வெளியிட்டார்கள், அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், ஆய்வேடு எல்லாம் காப்பி இல்லை என்று எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தாளாளர் என் முகத்தைப் பார்த்தார். நான் பதில் வைத்திருந்தேன். அந்தக் காப்பி சோதிக்கிற மென்பொருளை என் கையெழுத்தில்தான் வாங்கியிருந்தோம், அதன் கணக்கும் என் பெயரில்தான். ஆனால் பதிலைச் சொல்ல ஒரு ஆள் பத்தாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அப்படி வந்தவன்தான் அந்தப் பையன்.

பையன் என்று நான் சொல்கிறேனே தவிர, கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறவன். கெங்கவல்லிப் பக்கம், மரவள்ளி போடுகிற குடும்பம். பேச்சில் எங்கள் 'ங்க' கிடையாது, எல்லாவற்றுக்கும் 'மேடம்' போடுவான். நூலகப் பட்டம் வாங்கியவன்தான், ஆனால் அவனுக்குக் கொடுத்த பதவியின் பெயர் ஆய்வு உதவி நூலகர். புத்தகம் கொடுக்கிற வேலை அவனுக்கு இல்லை. கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்பலாம், எது ஏமாற்று இதழ், மேற்கோள் பட்டியலை எப்படித் தானாக அடுக்கிக்கொள்ளலாம், இதையெல்லாம் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பார்ப்பான். ஆய்வேட்டை மென்பொருளில் ஏற்றிக் காப்பி இருக்கிறதா என்று சோதித்துக் கொடுப்பான். கேட்டால், "நாம இப்ப புக் குடுக்கறவங்க இல்ல மேடம், ரிசர்ச்ல பார்ட்னர்" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மட்டும் இத்தனை நாள் என்னவாக இருந்தேனாம்?

அவனுக்காகத் தரைத்தளத்தில் வாசலுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி அறை கட்டினார்கள். ஏசி போட்டார்கள். அங்கே இருந்த என் கலைக்களஞ்சியங்களைத் தூக்கி மாடியில், என் மேஜைக்குப் பின்னால் கொண்டுவந்து சுவரோடு சுவராக அடுக்கினார்கள். மாடியில் மின்விசிறிதான். அது சுற்றும்போது சத்தம் போடும். யாராவது நூலகத்துக்கு வந்தால் முதலில் அவன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். என்னைப் பார்க்கப் படி ஏற வேண்டும்.

மற்றவர்கள் அவனிடம் போனதை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். கணக்குத் துறை போகட்டும், கம்ப்யூட்டர் துறைக்காரர்கள் என்றைக்கு என்னிடம் வந்தார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் போகக் கூடாது என்று இருந்தது. அவள் பொருளியல் ஆசிரியை. என்னைவிடச் சில வயது சின்னவள், நாமக்கல் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம், வீட்டுக்காரர் லாரி வைத்திருக்கிறார். மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பாள், தனியாக இருந்தால் அக்கா. லாரி பாடி கட்டும் பட்டறைகளைப் பற்றிப் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். பிள்ளைப்பேறு, மாமியார் வைத்தியம், வகுப்பு, தேர்வுத் தாள் என்று அந்த ஆய்வு இழுத்துக்கொண்டே போனது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் முடியப் போகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. இத்தனை வருஷ உழைப்பும் வீண்.

அந்த ஆய்வு எனக்கும் பாதி சொந்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பட்டறைகளைப் பற்றி எந்த இணையதளத்திலும் ஒரு மண்ணும் கிடையாது. லாரி உரிமையாளர் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குப் போடுகிற மலர்கள் இருக்கும், அட்டை முழுக்க விளம்பரமும் உள்ளே நாலு உருப்படியான கட்டுரையுமாக. அவற்றை நான் சங்கம் சங்கமாகப் போய்க் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு செயலாளர், "இதெல்லாம் எதுக்குங்க, பொட்டலம் மடிக்கவா?" என்று சிரித்தார். பைண்டு பண்ணி எண் போட்டு அலமாரியில் வைத்தேன். அவளைத் தவிர அதை யாரும் எடுத்ததில்லை. அவளுக்காகத்தானே வைத்தேன்.

காலை இடைவேளை விட்டதும் அவள் படியேறி வருவாள். ஏறும்போதே, "ஏனுங்க அக்கா, டீ இருக்குதுங்களா?" என்பாள். என் பிளாஸ்கில் இருப்பதைப் பாதியாக ஊற்றுவேன். வீட்டுக் கதை கொஞ்சம், ஆய்வுக் கதை கொஞ்சம். ராசிபுரத்தில் அவளுடைய பெரியம்மா வீடு. அங்கிருந்து நெய் வந்தால் சின்ன டப்பாவில் எனக்குக் கொண்டுவருவாள். கல்லூரி முழுவதும் அந்த நெய் எனக்கு மட்டும்தான் வரும் என்பது எனக்குத் தெரியும்.

அவன் வந்த கொஞ்ச நாளில் அவள் படியேறுகிற நேரம் தள்ளிப்போக ஆரம்பித்தது. முதலில் கேட்டபோது, "அந்தத் தம்பி மேற்கோளெல்லாம் தானா அடுக்கறதுக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்துச்சுங்க அக்கா, கை வலியே போச்சு" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சந்தோஷப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். மேற்கோள் பட்டியலைக் கையால் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது யார்? நான்தான். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் உட்கார்ந்து புள்ளி, காற்புள்ளி பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அதை அவள் வலி என்று சொல்கிறாள்.

பிறகு ஒரு நாள் மதியம் அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது நான் அந்த வழியாகப் போக நேர்ந்தது. ராசிபுரத்து நெய் வாசம் எனக்குத் தெரியாதா? பருப்புச் சோற்றின் மேல் மினுக்கிக்கொண்டு நின்றது. "பொருளியல் மேடம் குடுத்தாங்க மேடம், நீங்களும் கொஞ்சம் போட்டுக்கறீங்களா?" என்று என்னிடமே நீட்டினான். எனக்குக் கொழுப்பு ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மாடிக்கு வந்து வெறும் தயிர்ச்சோற்றைத் தின்றேன். என் டப்பாவிலும் அவள் கொடுத்த நெய் இருந்தது, அதைத் தொடவே பிடிக்கவில்லை.

அந்த வருஷத்து ஆயுத பூஜையும் என் வயிற்றெரிச்சலுக்கு எண்ணெய் வார்த்தது. ரிக் தொழிலில் இருந்து வந்தவர்களுக்கு ஆயுத பூஜை எவ்வளவு பெரிது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாளாளரே ஒவ்வொரு துறையாக வந்து அவரவர் கருவிக்குச் சந்தனம் வைப்பார். நூலகத்தில் எப்போதும் என் மேஜை மேல் தேதி முத்திரையையும் சில பழைய புத்தகங்களையும் அடுக்கி வைப்பேன், அதற்குத்தான் வைப்பார். அந்த வருஷம் அவர் மாடி ஏறவில்லை. முழங்கால் வலி என்றார்கள். கண்ணாடி அறையில் அவனுடைய கம்ப்யூட்டருக்குப் பெரிய பொட்டாக வைத்துவிட்டு, பொரியும் சுண்டலும் கொடுத்து அனுப்பினார். என் முத்திரைக்கு நானே சந்தனம் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் கணவர், "அந்தப் பையனைப் பத்திப் பேசாம உன்னால ஒரு நேரம் சோறு திங்க முடியாதா?" என்று கேட்டார். அவர் மேட்டூரில் ரசாயன ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே புது எந்திரம் வந்தால் பழைய ஆளுக்கு வேறு ஷிப்ட் போடுவார்கள், அவ்வளவுதான். "உனக்கும் வேற ஷிப்ட் போட்டிருக்காங்கன்னு நெனச்சுக்க" என்றார். அவருக்குப் புரியவில்லை. எந்திரத்தைத் தேடி யாரும் டீ குடிக்க வரமாட்டார்கள்.

நான் செய்ய முடிந்த ஒரே காரியம் ஒன்று இருந்தது. அந்த மென்பொருளின் தலைமைக் கணக்கைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஏற்றுவது, சோதிப்பது எல்லாம் அவனால் முடியும். ஆனால் ஏதாவது சிக்கல் என்றால் அந்த நிறுவனத்தாரோடு பேசுகிற அதிகாரம் தலைமைக் கணக்குக்காரருக்குத்தான். "பாக்கலாம் தம்பி, பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கொடுக்கவில்லை. இன்றும் கொடுக்கவில்லை.

நீட்டிப்பு முடிகிற வாரம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேடும், காப்பி இல்லை என்ற சான்றிதழும் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை அவள் முடித்த ஆய்வேட்டை அவனிடம் கொடுத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை அவன் மாடிக்கு வந்தான். அவன் மாடிக்கு வருவதே அபூர்வம். சட்டை முதுகு நனைந்திருந்தது.

"மேடம், ஒரு பெரிய தப்பு ஆயிடுச்சு மேடம்" என்றான்.

உட்காரச் சொல்லாமலே கேட்டேன். விஷயம் இதுதான். ஆய்வேட்டை ஏற்றும்போது அந்த மென்பொருள் ஒன்று கேட்கும்: இந்த எழுத்தை எங்கள் கிடங்கில் சேமித்து வைத்துக்கொள்ளட்டுமா, வேண்டாமா? முடிந்துபோன ஆய்வேடு என்றால் சேமிக்கலாம். திருத்திக்கொண்டிருக்கிற வரைவை ஒருபோதும் சேமிக்கக் கூடாது. சேமித்துவிட்டால், அடுத்த முறை அதே ஆளின் திருத்திய பிரதியை ஏற்றும்போது மென்பொருள் கிடங்கில் இருக்கிற வரைவைக் கண்டுபிடித்து, இதோ இது முழுசும் அதைப் பார்த்து எழுதியது என்று சொல்லிவிடும். எழுதியவரும் அவரே, திருடியவரும் அவரே. சில வாரம் முன்னால் அவளுடைய வரைவை ஏற்றியபோது இவன் 'சேமி' என்று கொடுத்திருக்கிறான். இப்போது முடித்த ஆய்வேட்டை ஏற்றினால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பு. அந்த அறிக்கையோடு பல்கலைக்கழகத்துக்குப் போனால் காப்பியடித்தவள் என்றுதான் பெயர் வரும்.

"எப்படித் தம்பி அதைப் போட்டீங்க?"

"தெரியல மேடம். சேமிக்கவான்னு கேட்டுச்சு. கை தானா ஆமான்னு போயிருச்சு."

அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவனை நான் கம்ப்யூட்டர்காரன், நூலகரே இல்லை என்று எனக்குள் சொல்லிச் சமாதானப்பட்டுக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர்காரனுக்கு இந்தத் தப்பு வராது. அவன் எதையும் சட்டென்று அழிப்பான். சேமிக்கவா என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ஆமாம் என்று போகிற கை எங்கள் கை. கிழிந்த பக்கத்தைக்கூட உள்ளே செருகி வைக்கிற கை. விழா மலரையெல்லாம் பைண்டு பண்ணி வைத்தவள் நான், அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் அழுத்தியிருப்பேன். ஆக, அவனும் நூலகர்தான். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஆனால் உள்ளே இன்னொரு பக்கம் குதியாட்டம் போட்டதையும் சொல்லத்தான் வேண்டும். கிடங்கில் இருக்கும் வரைவை அழிக்கச் சொல்லி அந்த நிறுவனத்துக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பக்கூடியவர் தலைமைக் கணக்குக்காரர். அதாவது நான். அவர்கள் அழிக்க ஓரிரண்டு நாள் எடுத்துக்கொள்வார்கள். இப்போது அவள் எங்கே வரவேண்டும்? படியேறி என்னிடம் வரவேண்டும்.

"அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன் மேடம். அழுதுட்டாங்க. நீங்கதான் ரிக்வெஸ்ட் அனுப்பணும்னும் சொல்லிட்டேன்."

"சரி. நீங்க போங்க, நான் பாக்கறேன்."

"இப்பவே அனுப்பிருவீங்களா மேடம்?"

"பாக்கறேன்னு சொன்னனுங்களே."

அவன் படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள் நான் கோரிக்கையை அனுப்பிவிட்டேன். ஆய்வேட்டின் எண், எந்தத் தேதியில் ஏற்றியது, என்ன தவறு நடந்தது, ஏன் அவசரம் என்று எல்லாம் தெளிவாக எழுதி, அனுப்பிய கையோடு அவர்களுடைய உதவி எண்ணுக்கும் போன் போட்டுச் சொன்னேன். அவளுடைய ஆய்வு விஷயத்தில் ஒரு நிமிஷம் தாமதிக்க என்னால் முடியாது. அனுப்பியாயிற்று என்று யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் வரட்டும் என்று இருந்தேன். அக்கா, எப்படியாவது பண்ணிக் குடுங்க என்று கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அப்போது நான் டீயை ஊற்றிக்கொண்டே, அதை அப்பவே அனுப்பியாச்சு, நீ மொதல்ல இதைக் குடி சாமி என்று சொல்ல வேண்டும். இதைத் தவிர வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்குக் கேண்டீனில் பெரிய பிளாஸ்காகக் கேட்டு வாங்கி டீ நிரப்பி வைத்தேன். காலை இடைவேளை வந்தது. கீழே அவள் குரல் கேட்டது. மாடிப்படிக்கு மேலே இருக்கிற கம்பிக் கிராதி வழியாகப் பார்த்தால் கண்ணாடி அறை தெரியும். பார்த்தேன். அவள் உள்ளே போய் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தான். அவள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். இடைவேளை முடிந்து மணி அடித்தது. அவள் எழுந்து வகுப்புக்குப் போனாள்.

மதியம் வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. அவன்தான் வந்தான், "அனுப்பிட்டீங்களா மேடம்?" என்றான். "அதது ஆக வேண்டிய நேரத்துல ஆகும்" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. என் வாசகியை நெய்யோடு சேர்த்து எடுத்துக்கொண்டவன், கொஞ்சம் தவிக்கட்டும்.

புதன்கிழமையும் அதே கதை. காலையில் நான் ஏதோ ஒரு சாக்கில் கீழே போனேன். கண்ணாடிக் கதவு சாத்தாமல் இருந்தது. அவள் அவனுக்குத் தன் டப்பாவிலிருந்து இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "தின்னு சாமி. நேத்தைக்கும் நீ ஒண்ணும் உங்கலீன்னு உன்ற சம்சாரம் போன்ல சொல்லுது. தின்னு" என்றாள்.

சாமி என்றாள். பெரியவரையும் குழந்தையையும் இந்தப் பக்கத்தில் சாமி என்று கூப்பிடுவார்கள், அதில் ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷத்தில் நான்தான் அவளைச் சாமி என்று கூப்பிட்டிருக்கிறேன், அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. தப்புப் பண்ணினவன் அவன். பட்டம் போகப் போவது அவளுக்கு. அவள் உட்கார்ந்து அவனுக்கு ஊட்டாத குறையாக இட்லி போடுகிறாள். சரிசெய்து வைத்தவள் மாடியில் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போல இருந்தது. என்னைக் கண்டதும் அவள், "வாங்க அக்கா, நீங்களும் ஒரு இட்லி" என்றாள். வேண்டாம் என்றேன். என் முகத்தை அவள் உற்றுப் பார்த்தாள். கேட்பாள் என்று நின்றேன். சட்னி நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள்.

அன்றைக்கு மாலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒருவேளை நான் அனுப்ப மாட்டேன் என்று நினைக்கிறாளோ? என்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, இந்தக் கிழவிக்கு இதெல்லாம் தெரியாது என்று இரண்டு பேரும் சேர்ந்து வேறு வழி பார்க்கிறார்களோ? அப்படி இருந்தால் சான்றிதழில் தலைமை நூலகர் கையெழுத்துக்கு என்ன செய்வார்கள், அதற்காவது மாடி ஏறத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் அன்று நான் பேசவே இல்லை. என் கணவர் பயந்துபோய்ச் சோற்றைத் தானே போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை கல்லூரிக்குள் நுழைந்ததும் போனில் செய்தி வந்திருந்தது. கிடங்கிலிருந்து வரைவை அழித்துவிட்டார்கள். நான் நேராகக் கண்ணாடி அறைக்குப் போய், "மறுபடி ஏத்திப் பாருங்க" என்றேன். அவன் உடனே ஏற்றினான். இந்த முறை சேமிக்கவா என்று அது கேட்டபோது, "வேண்டாம்" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். அறிக்கை வர நேரம் எடுத்தது. வந்தது. அங்கங்கே கொஞ்சம் நிறம், மேற்கோள்களுக்கும் சட்டப் பெயர்களுக்கும் வருகிற வழக்கமான நிறம். மற்றதெல்லாம் வெள்ளை.

"மேடம், நீங்க எப்ப அனுப்பினீங்க?" என்றான்.

"செவ்வாக்கெழமெ. நீங்க படியிறங்கறதுக்குள்ள."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. இருந்திருந்தால் நியாயம்தான். கையெடுத்துக் கும்பிட்டான். நான் அறிக்கையைப் பிரதி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன். இனிமேல் அவள் வந்துதான் ஆக வேண்டும்.

இடைவேளையில் வந்தாள். முதலில் கீழே போய் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் கிராதி வழியாகப் பார்த்துவிட்டேன். பிறகுதான் படியேறினாள். கையில் சான்றிதழ்ப் படிவம். என் எதிரே உட்கார்ந்து, "டீ இருக்குதுங்களா அக்கா?" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

எனக்குத் தாங்கவில்லை. "ரெண்டு நாளா ஒரு தடவ மேல வந்து கேக்கத் தோணலீங்களா உங்களுக்கு?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்தைங்க அக்கா கேக்கறது?"

"கோரிக்கை அனுப்பியாச்சான்னு."

அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அதை நீங்க அப்பவே அனுப்பியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? மொதல்ல அழுதுட்டேன், நீங்கதான் அனுப்போணும்னு அந்தத் தம்பி சொன்ன ஒடனே, அக்கா கைக்குப் போயிருச்சு, இனி ஆயிரும்னு நான் நிம்மதியாயிட்டேன். தம்பிக்குத்தான் உங்களைப் பத்தித் தெரியாது. எத்தனை சொல்லியும் நம்பாம சோறு தண்ணி இல்லாம கெடந்துச்சு. பாவம், அதான் கூட உக்காந்திருந்தேன்" என்றாள். சிரித்தாள். "உங்ககிட்ட வந்து நான் கேக்கோணுமாக்கும்?"

சான்றிதழை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். முத்திரை வைத்தேன். அவள் டீயைக் குடித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு மதிய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தாள். "போயிட்டு வாரேனுங்க அக்கா" என்று படியிறங்கினாள். இத்தனை வருஷ வேலையில் யாரும் என்னைப் பற்றி இவ்வளவு பெரிய வார்த்தை சொன்னதில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அந்த இரண்டு நாளில் ஒரே ஒரு தரம் அவள் மேலே வந்து என்னிடம் அழுதிருந்தால் எனக்குப் போதும்.